கும்பலின் பாவம் யார் கணக்கில்?

1983 ஜூலைக் கலவரத்தில் பதுளைக்குத் தீ வந்தது பிந்தித்தான். 23ஆம் திகதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டு, கொழும்பு எரிந்துகொண்டிருந்தபோதும் இங்கே அமைதி. 27ஆம் திகதி முற்பகலில் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் கொளுத்தப்பட்டது. நண்பகலில் பஜார் கடைகள். இருட்டுவதற்குள் கும்பல் வாகனங்களில் ஏறி ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கிளம்பிவிட்டது.

இத்தகைய கூட்டத்தை ஆங்கிலேயர் 'மொப்' என்பார்கள். லத்தீன் 'மொபிலே வுல்குஸ்', அதாவது நிலையின்றி அலைபாயும் சனம், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டுப்பட்டு ஓரசையானது. இந்தச் சொல்லைத் தடுக்கத் தன்னாலானதைச் செய்து பார்த்ததாக ஜொனதன் சுவிஃப்ட் 1710இல் அலுத்துக்கொண்டார். அவருக்கு மொழி கெடுகிறதே என்ற கவலை. அறம் கெடுவதைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கலாம். காற்றடித்தது, சருகு பறந்தது என்கிற சமாதானம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வாகனம் பிடித்து அடுத்த ஊருக்குப் போகிறவர்கள் சருகா? நம் பத்திரிகைகளின் 'காடையர்' மட்டும் என்ன, எங்கிருந்தோ வந்த ரவுடிகள் என்று ஊரைக் காப்பாற்றிவிடுகிறது.

2000 ஒக்டோபர் 25 காலையில் பண்டாரவளை அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கத்தி, பொல்லுகளோடு புகுந்தவர்கள் சுற்றுக் கிராமத்தவர்கள். விடுதலை தாமதமாவதை எதிர்த்து உள்ளிருந்த தமிழ் இளைஞர்கள் முதல்நாள் இரவு குரல் எழுப்பியிருந்தார்கள். குறைந்தது 27 பேர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். ஆயுதமேந்திய பொலிஸார் ஏறத்தாழ 60 பேர் அங்கே நின்றார்கள்.

குற்ற நோக்கத்தோடு ஐந்து பேர் சேர்ந்தாலே சட்டவிரோதக் கூட்டம். பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றம் எல்லோருக்கும் உரியது என்கிறது தண்டனைச் சட்டக் கோவை. ஆனால் அந்த நோக்கத்தில் இவர் பங்காளி என்று ஒவ்வொருவருக்கும் சாட்சி வேண்டுமே. பிந்துனுவெவ வழக்கில் 2003இல் பொலிஸார் இருவர் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்தோடு ஐவரும் விடுதலை.

பதுளை முதியங்கனை விகாரையில் போயாவுக்குப் போயா கொல்லாமைச் சீலம் எடுக்கும் ஊவா மாகாணம் இது. எண்ணமே வினை என்பது பௌத்தம். எண்ணம் தனித்தனி மனத்தில் எழுவது. கும்பலுக்கு ஏது மனம்? ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் பௌத்த அறிஞர் வசுபந்து, அபிதர்மகோசத்துக்குத் தாமே எழுதிய உரையில் இதை எடுத்துக்கொள்கிறார். இலங்கைத் தேரவாதம் அவரைப் பின்பற்றுவதில்லை. கேள்வி மட்டும் ஒன்றுதான். படையாகத் திரண்டு கொல்லப் போகிறவர்களில் ஒருவன்தான் வெட்டுகிறான் என்றாலும், ஒருவரையொருவர் தூண்டியதால் எல்லோரும் கொலைகாரரே என்கிறார். பாவத்தைப் பங்கிட்டுக் குறைக்க முடியாது, ஆளுக்கொரு முழுக்கொலை. வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவனும் தப்ப முடியாது, உயிரே போனாலும் கொல்லேன் என்று உறுதி பூண்டிருந்தால் ஒழிய.

கடுமையான கணக்குத்தான். அதை இழுத்து நீட்டி, ஒரு ஊரே, ஒரு இனமே குற்றவாளி என்று யாராவது சொல்லக்கூடும். அது கும்பலின் தர்க்கம். திருநெல்வேலித் தாக்குதலுக்காக, யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் கண்டிராத ஊவாத் தோட்டத்தாரைத் தமிழரென்று சேர்த்தெண்ணியதும் அதே தர்க்கம்தான். வசுபந்து பிறப்பைக் கேட்கவில்லை. என்ன நினைத்துக்கொண்டு அங்கே போனாய் என்றுதான் கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு அகப்படாதவர்கள், பிந்துனுவெவவில் நின்ற அந்தப் பொலிஸார்தான். அவர்கள் கும்பலோடு வந்தவர்களல்ல, காவலுக்கென்று அனுப்பப்பட்டவர்கள். தடுக்கும் கடமையும் துப்பாக்கியும் இருந்தும் தடுக்காமல் நின்றவன் மனத்தில் இருந்ததை அச்சம் என்பதா, சம்மதம் என்பதா?