கொடுமைக்காரனுக்கும் மனநோயாளிக்கும் ஒரே பெயரா?



எங்கேயாவது கொடூரமான கொலை நடந்தால் உடனே நம்ம வாயில் வரும் வார்த்தை "சைக்கோ". தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவரைப் பார்த்தாலும் அதே "சைக்கோ"தான். ரெண்டும் ஒண்ணா? இல்லவே இல்லை என்பேன் நான்.

2002-ல் கனடாவில் பால்ஹஸ், வில்லியம்ஸ் என்ற உளவியலாளர்கள் மூன்று குணங்களைச் சேர்த்து 'இருண்ட மூன்று' என்று பெயர் வைத்தார்கள். நான்தான் பெரியவன் என்ற அகந்தை, காரியம் ஆக யாரையும் ஏமாற்றும் சூழ்ச்சி, அடுத்தவர் அழுதாலும் உறைக்காத ஈரமற்ற மனசு. இவை சாதாரண மனிதர்களிடமே கூடவோ குறையவோ இருப்பவை. உங்ககிட்டயும் என்கிட்டயும் ஒரு துளி இருக்கும்.

மனச்சிதைவு நோய் வேறு. அதில் இல்லாத குரல் காதில் கேட்கும், யாரோ கொல்ல வருவதாகத் தோன்றும். அந்தப் பயத்தில் சிலர் தாக்குவதும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடி வாங்குகிறவர்கள்தான் அதிகம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது 28 மனநோயாளிகள் கருகி இறந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். சொல்லுங்க, கொடுமை யார் பக்கம்?

சட்டமும் இதைப் பிரித்துப் பார்க்கிறது. மனநிலை பிறழ்ந்து, தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா, 22-ம் பிரிவு. இரக்கம் இல்லாதவனுக்கு அந்த விலக்கு கிடையாது. அவன் தெரிந்தே செய்கிறான்.

சரி, நமக்கு இதில் என்ன பாடம்? நண்பன் மெசேஜைப் பார்த்துட்டு பதில் போடலைன்னா, "வேணும்னே அவமானப்படுத்துறான்"னு ஒரு எண்ணம் வரும். எண்ணம் தானா வருது, அது நம்ம தப்பில்லை. அகந்தை வந்து "சும்மா விடாதே" என்கும். ஈரமில்லாத மனசு "அவனுக்கு வலிச்சா நமக்கென்ன" என்கும். அப்போதான் கை ஓங்குது. வர்ற சந்தேகத்தைத் தடுக்க முடியாமல் போகலாம். "அவனுக்கும் வலிக்குமே" என்று ஒரு நொடி நினைக்க நம்மால் முடியும். அந்த ஒரு நொடிக்குத்தான் நாம் பொறுப்பு.

உங்க வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது குரல் கேட்குது, காரணமில்லாத பயம் இருக்குன்னா கேலி பண்ணாதீங்க. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. 14416 டெலி மானஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

அடுத்த முறை "சைக்கோ"ன்னு டைப் பண்ணும் முன் கொஞ்சம் யோசிங்க. மற்றவர்களுக்கும் பகிருங்கள்.