திறவுகோல் யாரிடம்?

வீடொன்றை விலை கொடுத்து வாங்குகிறோம். பத்திரம் நம் பெயரில். வரி கட்டுவதும் நாமே. ஆனால், ஓர் அறையின் திறவுகோலை மட்டும் விற்றவரே வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்கு நாம் உடைமையாளரா, குடக்கூலிக்காரரா?

கணினி வாங்கி அதில் லினக்ஸ் நிறுவுவோர் பலரின் நிலை இதுதான். வரைகலை அட்டையாயினும், வைஃபை சில்லாயினும், அச்சுப்பொறியாயினும் டிரைவர் என்னும் இயக்கி நிரல் இல்லையேல் அசையாது. எந்த ஆணைக்குச் சில்லு எப்படிப் பணியும் என்ற குறிப்பு கிடைத்தால் இயக்கியை எவரும் எழுதலாம். உற்பத்தியாளர் அதை மறைத்தால், பொருள் இருக்கும், பயன் இராது. "லினக்ஸ் குறையுடையது" என்பார் சிலர். குறை, எழுதுவோர் திறனிலா, எழுதவிடாத மறைப்பிலா?

1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில், காகிதம் சிக்கினால் அறிவிக்கும் வசதியை அச்சுப்பொறியில் சேர்க்க விரும்பினார் ரிச்சர்டு ஸ்டால்மன். அதன் மூலநிரல் மறுக்கப்பட்டது. சிக்கியது காகிதம் மட்டுமா? அறிவுமன்றோ! 1983இல் குனூ திட்டத்தை அவர் அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்சின் லினக்ஸ் பிறந்தது.

மறைப்பு அத்துடன் மாய்ந்ததா? இல்லை. என்விடியாவின் வரைகலைச் சில்லுகளுக்குக் குறிப்பு கிடைக்காத நிலையில், அவற்றின் போக்கை ஆராய்ந்தே நூவோ என்ற இயக்கியைத் தன்னார்வலர் எழுதினர். 2014இல் வந்த சில சில்லுகளோ நிறுவனம் கையொப்பமிட்ட நிரலையே ஏற்றன. அவற்றை முழு வேகத்தில் ஓட்ட நூவோவால் நெடுநாள் இயலவில்லை. 2022 மே மாதம் நிறுவனமே தன் இயக்கியில் ஒரு பகுதியின் மூலத்தை வெளியிட்டது. கதவு திறந்தது, முழுதும் அன்று. சில்லினுள் ஓடும் நிரல் இன்னும் மூடியே இருக்கிறது.

"வணிக இரகசியம்" என்பர். நெசவின் நுட்பத்தையா கேட்கிறோம்? வாங்கிய வேட்டியை உடுத்தும் உரிமையைத்தான் கேட்கிறோம்!

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பு ஏற்காத கணினிகள், நன்கு ஓடினாலும், குப்பைக்குப் போக வேண்டுமா? லினக்ஸ் அவற்றைக் காக்கும், இயக்கிகள் இருந்தால்! மூடிய இயக்கியை நிறுவனம் கைவிட்டால் கருவி மாள்கிறது. திறந்த இயக்கியைப் பிறர் பேணலாம்.

படிக்கும் உரிமை சிலருக்கே என்று ஏட்டைப் பூட்டியவர்களை எதிர்த்தோம். எந்திரத்தின் ஏட்டைப் பூட்டுவோருக்கு மட்டும் தலை வணங்கலாமா? தோழர்களே! வாங்குமுன் கேளுங்கள்: "இதன் இயக்கி திறந்ததா?" கேள்வி பெருகினால் பூட்டு நிலைக்காது.