மெய்நிகர் நாகசுரமும் பூசலார் கோயிலும்

மெய்நிகர் இசைக்கருவி என்பது கணினிக்குள் இயங்கும் மென்பொருள். உண்மைக் கருவியின் ஒலிகளைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து வைத்திருக்கும். விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தினால் உரிய துண்டை எடுத்து ஒலிக்கும். வீட்டு அறையில் ஒரு கணினியும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு காவடிப் பாட்டுப் பதிவு செய்பவர், நாகசுரம், தவில், பம்பை, உடுக்கை அனைத்தையும் இன்று இவ்வழியில் அமைத்துவிடலாம். திருத்தணி முருகனுக்காக இப்படி உருவாகும் பாட்டு ஒரு சமயக் கேள்வியை எழுப்புகிறது: ஊதாத நாகசுரமும் முழக்காத பம்பையும் இறைவனுக்குப் படைக்கத் தக்கவையா? இதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அந்த ஒலி மெய்யா என்பது ஒன்று. அந்த வழிபாடு மெய்யா என்பது மற்றொன்று.

திருத்தணியில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. ஆறுபடை வீடுகளில் ஐந்தாவதான இத்தலத்தில் மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒரு நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. ஆடிக் கிருத்திகையில் பம்பை முழங்கப் பூக்காவடிகள் இப்படிகளில் ஏறுகின்றன. டிசம்பர் 31 அன்று நடக்கும் திருப்படித் திருவிழாவில் படிதோறும் நின்று திருப்புகழ் பாடுகிறார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் அரோகரா முழக்கத்துக்கு நடுவே தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கின்றன. ஏறுகிற காலும் இரைக்கிற மூச்சும் இங்கே இசையோடு சேர்ந்தவை. உடலின் உழைப்பே வழிபாடாக இருக்கும் இடத்தில், உழைப்பைக் குறைத்துத் தரும் கருவி கேள்விக்கு உள்ளாவது இயல்பு.

முதற் கேள்வி ஒலியைப் பற்றியது. மின்னணுக் கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி என்னும் பொதுமுறை 1983இல் வந்தது. கட்டையை எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம் என்பதை அது 0 முதல் 127 வரை எண்ணாக்குகிறது. நல்ல மென்பொருளில் ஒரே சுரத்துக்கு மெல்லிய, நடுத்தர, வலிய பதிவுகள் தனித்தனியே இருக்கும். ஒரே அடி மீண்டும் மீண்டும் கேட்டால் இயந்திரத்தனம் தெரிந்துவிடும் என்பதால், ஒவ்வோர் அடிக்கும் பல பதிவுகளை எடுத்துவைத்து அவற்றை மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவார்கள். தாளக் கருவிகளுக்கு இது பெரும்பாலும் போதும். பம்பையின் அடியும், தவிலில் வலக்கை விரற்கூடும் இடக்கைக் கோலும் எழுப்பும் சொற்களும் தனித்தனி நிகழ்ச்சிகள். அவற்றை நறுக்கி எடுக்கலாம், மறுபடி கோக்கலாம்.

நாகசுரம் அப்படிப்பட்டதன்று. அதன் சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. ஊதுவாயான சீவாளியின் மேல் உதடு தரும் அழுத்தம், மூச்சின் விசை, துளைகளின் மேல் அசையும் விரல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் உருவாகிறது. தோடி ராகத்தின் காந்தார சுரம் அசைவற்ற ஒரு புள்ளியாக நிற்பதில்லை. அசைவே அதன் உருவம். பியானோவின் கட்டைகளை மனத்தில் வைத்து வகுத்த முறையில் அந்த அசைவு நழுவிவிடுகிறது. அமெரிக்கக் கன்ட்ரி இசையை வீட்டில் பதிவு செய்பவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்: சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் ஸ்டீல் கிட்டார் கட்டைக்குள் எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே, மெய்போல ஒலிக்கும் நாகசுரத்தைத் தேடுபவர் எத்தனை ஆயிரம் பதிவுகள் இருக்கின்றன என்று பார்ப்பதைவிட, சுரத்தை இடைவிடாமல் வளைக்க முடிகிறதா, ஊதும் மூச்சை உணரும் கருவியோடு இணைக்க முடிகிறதா, சுரம் தொடங்கும் உரசல் கேட்கிறதா என்று பார்ப்பது பயன் தரும்.

இவ்வளவு செய்தாலும் கிடைப்பது மெய்யான ஒலிதானா? இந்தியத் தத்துவ மரபில் ஒலியைப் பற்றிய வழக்கு மிகப் பழையது. மீமாம்சகர்கள் சொல் நித்தியம் என்றார்கள். பலர் பல வேளைகளில் உச்சரித்தாலும் ‘இது அதே எழுத்து’ என்று அறிகிறோம். ஆகவே எழுத்து என்றும் உள்ளது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறது, அவ்வளவே என்பது அவர்கள் வாதம். நியாய மதத்தார் மறுத்தார்கள். ஒலி ஆகாயத்தின் குணம், தோன்றி அழிவது. ‘அதே’ என்று நாம் சொல்வது ஒப்புமையால்தான். தோன்றிய ஒலி தன்னைப்போல் இன்னொன்றைப் பிறப்பித்து அழிகிறது, அது மற்றொன்றை. நீரில் அலை அலையைத் தள்ளுவதுபோல் வந்து, கடைசியில் பிறந்த ஒலியே செவியை அடைகிறது.

நியாயத்தாரின் இந்த விளக்கம் மெய்நிகர் கருவிக்கு எதிரான எளிய வாதத்தைத் தளரச் செய்கிறது. அவர்கள் கணக்கில், சன்னிதியில் நின்று கேட்பவர் செவியில் விழுவதும் நாகசுரத்தில் பிறந்த அதே ஒலி அன்று, அதன் வழித்தோன்றல். பதிவில் இந்தத் தொடர் இன்னும் நீளமானது, நடுவே எண்களாக மாறி மீள்வது. நகல் என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பொய் என்று தள்ளினால், நேரில் கேட்பதையும் ஓரளவு தள்ள வேண்டியிருக்கும்.

சைவ சித்தாந்தம் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நான்கு. செவிக்கு எட்டும் வைகரி கடைசிப் படி. நான்குமே மாயையின் காரியம். மாயை சடம். ஆச்சாமரக் குழலில் பிறந்தாலும் ஒலிபெருக்கியில் பிறந்தாலும் ஓசை அறிவற்றதுதான். அறிவதும் விழைவதும் செய்வதும் உயிருக்கே உரியவை. வழிபாட்டின் மெய்ம்மையைக் கருவியில் தேடுவது இடம் மாறித் தேடுவதாகும்.

எனவே இரண்டாம் கேள்வியே முதன்மையானது. அதற்கான சான்று திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. திருநின்றவூர்ப் பூசலார் சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பினார்; பொருள் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே பொருள் சேர்த்து, தச்சரை வரவழைத்து, நாள் பார்த்துக் கடைக்கால் இட்டு, சிகரம் வரை எழுப்பி, கிணறும் குளமும் வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னன் அதே நாளைத் தன் கோயிலுக்குக் குறித்திருந்தான். இறைவன் கனவில் தோன்றி, அன்று பூசலார் கோயிலில் புகப்போவதால் வேறு நாள் பார்க்கும்படி மன்னனிடம் சொன்னார் என்கிறது பெரியபுராணம். கல்லும் சுண்ணாம்பும் இல்லாத கோயில், கல்லால் ஆன கோயிலை முந்திக்கொண்டது.

இக்கதையைக் கொண்டு ‘மனம் இருந்தால் போதும்’ என்று முடித்துவிடுவது அவசரம். பூசலார் எந்தப் படியையும் தாண்டிச் செல்லவில்லை. மெய்யான கோயிலுக்கு எத்தனை வேலை உண்டோ அத்தனையும் அவர் உள்ளத்தில் நடந்தது. அவருக்கு இல்லாமற் போனது பொருள்தான், உழைப்பில் குறைவில்லை. மெய்நிகர் கருவிக்கும் அளவுகோல் இதுவே. ஒவ்வொரு கமகத்தையும் காதால் தேடி, விரலால் வளைத்து, சரியாக வரும்வரை திருத்துபவர் பூசலார் வழியில் நிற்கிறார். யாரோ வாசித்துவைத்த ஆயத்தத் துணுக்கை இழுத்து ஒட்டிவிட்டு எழுந்துபோகிறவருக்கு அந்தச் சான்று உதவாது. கடையில் வாங்கிய மாலையும் சன்னிதியில் ஏற்கப்படுகிறது என்பது உண்மை. ஆனாலும் பூக் கொய்தல், மாலை தொடுத்தல், புகழ் பாடுதல் ஆகியவற்றைச் சரியை என்று சைவம் வகுத்தது, கை செய்யும் வேலைக்கு மதிப்பு உண்டு என்பதால்தான்.

கருவியின் எல்லையையும் புராணம் அறியும். திருக்கோலக்காவில் கைகொட்டிப் பாடிய சம்பந்தருக்குப் பொற்றாளம் கிடைத்தது; அதற்கு ஓசை தந்ததால் அங்குள்ள அம்மைக்கு ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். தருமபுரத்தில் அவர் பாடிய பதிகம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழுக்கு அடங்கவில்லை. பாணர் யாழையே முறிக்க முனைந்தார். சிறந்த கையில் இருந்த சிறந்த கருவிக்கும் அகப்படாத பாட்டு உண்டு என்றால், கணினிக்குள் இருக்கும் கருவி முழுமையாக இல்லை என்பது தனிக் குற்றமாகாது.

புதிய கருவியை விலக்குவதும் திருத்தணியின் இசை மரபன்று. முத்துசுவாமி தீட்சிதரின் வாயில் முதியவர் ஒருவர் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையை மாயாமாளவகௌளையில் இங்கே பாடினார் என்றும் மரபு சொல்கிறது. குருகுக என்னும் அவரது முத்திரை முருகனையே குறிக்கும். அவரே ஆங்கிலேயப் பட்டாளத்தின் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். அவை நோட்டுசுர சாகித்தியங்கள். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார். அயல் கருவி அன்று வழிபாட்டுக்குள் வந்தது, கற்றவர் கையில் பல்லாண்டுப் பயிற்சியால் பழகிய பிறகே.

வீட்டுப் பதிவுக்குப் பொருந்தும் இந்த இசைவு கோயிற் பூசைக்கு அப்படியே பொருந்தாது. கோயிலில் நாகசுரமும் தவிலும் பூசைக்கும் புறப்பாட்டுக்கும் உரிய ஊழியம். சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரி, பல்லக்கின் நடையைப் பார்த்து வாசிக்கப்படுவது. மோட்டாரால் இயங்கும் முரசும் மணியும் பல கோயில்களில் தீபாராதனை நேரத்தை நிரப்புகின்றன. அவை ஓசையைத் தருகின்றன, ஊழியரைத் தருவதில்லை. அங்கே இயந்திரம் அமர்வது ஒரு மனிதரின் இடத்தில். அவருடைய வாழ்வும் அவர் கற்ற பாடாந்தரமும் அதோடு போகின்றன.

மெய்நிகர் கருவிக்குள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார். பதிவறையில் சுரம் சுரமாக ஊதிக் கொடுத்த கலைஞரின் மூச்சுத்தான் அந்த மென்பொருளின் சரக்கு. அவருக்கு உரிய ஊதியம் போய்ச் சேர்ந்த மென்பொருளைப் பயன்படுத்துவதும், பாட்டில் ஒலிப்பது கணினி நாகசுரம் என்று மறைக்காமல் குறிப்பிடுவதும் வழிபாட்டின் நேர்மையைச் சேர்ந்தவை.

வீட்டில் பதிவாகும் காவடிப் பாட்டில் மெய்நிகர் நாகசுரம் ஒலிப்பதற்குச் சாத்திரத் தடை ஏதும் இல்லை. அதை மெய்யாக்குவது அமைப்பவரின் உழைப்பும் உண்மையும். சன்னிதியில் மட்டும், ஊதுவதற்கு ஆள் இருக்கும் வரை, அந்த இடம் அவருக்கே உரியது.