ஊழும் உப்பும்

1884 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்ற வழக்கறிஞர் விசுவநாத தத்தர் மாரடைப்பால் காலமானார். மகன் நரேந்திரனுக்கு அப்போது 21 வயது. விவேகானந்தராக உலகம் அறிந்த அவரும் நீரிழிவோடும் ஆஸ்துமாவோடும் போராடி, 1902 ஜூலை 4 அன்று, 39 வயதில் பேலூர் மடத்தில் மறைந்தார்.

நோய் தந்தையைப் போலவே பிள்ளையையும் தேடி வருவது ஊழ்தானா?

பெற்றோருக்கு இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுகிறது என்கிறது மருத்துவம். ஆனால் வழிவழியாக வருவது மரபணு மட்டுமல்ல. எண்ணெயில் பொரித்த லுச்சிப் பூரியும், பாகில் ஊறிய ரசகுல்லாவும், உப்பின் அளவும் கூடவே வருகின்றன. நாம் பெற்றுவருவதையும் நாமே செய்வதையும்தான் முன்வினை, செய்வினை என்று தத்துவம் பிரித்துவைத்தது. ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஒன்று ஒதுக்கினார்; ‘மருந்து’ அதிகாரத்திலோ அளவறிந்து உண்பதையே வலியுறுத்தினார்.

உடல் நிலையற்றது என்றால் அதைப் பேணுவது பற்றாகாதா? 1897இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவது சொர்க்கத்துக்கு அருகே கொண்டுசெல்லும் என்று இளைஞர்களிடம் சொன்னார். கடைசிக் காலத்தில் வைத்தியர் சொற்படி உப்பையும் தண்ணீரையும்கூட விலக்கிப் பத்தியம் காத்தார்.

துறவி தன் பத்தியத்தைத் தானே தீர்மானிக்கலாம். இல்லறத்தில் ஒருவர் தட்டில் விழும் உப்பை இன்னொருவர் கை அள்ளுகிறது. அப்பா புகைக்கும் சிகரெட்டின் புகை குழந்தையின் ரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது. அங்கே செய்வினை யாருடைய கணக்கு?