கிடைத்துவிடுமே என்ற அச்சம்

கிள்ளானில் என் தங்கையின் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்ற அவளுடைய பேத்தி, பல்கலைக்கழக நுழைவுக்கான யு.பி.யு. விண்ணப்பத்துக்கென்று பென்சிலால் வரிசையிட்டிருந்த தாளை என்னிடம் காட்டினாள். அதன் முதல் வரி இன்றளவும் என் சித்தத்தை விட்டு அகலவில்லை. முன்பு எழுதியதை அழித்துவிட்டு, அவ்விடத்தில் சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தின் கணக்கியலை எழுதியிருந்தாள். கூர்ந்து நோக்கினால், மலாயாப் பல்கலைக்கழகம், இந்திய ஆய்வியல் என்று அடியெழுத்து தெரிந்தது.

“ஏம்மா இதை அழிச்சிட்டே?”

“அதை மொதல்ல போட்டா அதுவே கெடைச்சிடும், தாத்தா.”

கிடைக்காமற் போகுமோ என்ற அச்சத்தை நான் அறிவேன். பல்கலைக்கழகத்துக்கு மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். எனப் பல வாயில்கள் உள்ள இந்நாட்டில், எவ்வாயிலில் நம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்ற விவாதம் ஆண்டுதோறும் நம் வீடுகளில் எழுவது நியாயமே. ஆனால் கிடைத்துவிடுமே என்ற அச்சம் எனக்குப் புதிது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் சிறுவனாயிருந்த நாளில், 1949-இல் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்துக் கிராணியார் தம் புதல்வனை இரவு ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, என்ன படிக்கப் போகிறான் என்று எவரும் வினவியதாக எனக்கு ஞாபகமில்லை. யூனிவர்சிட்டி என்ற பதமே போதுமானதாயிருந்தது. அங்கே 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை பின்னர் கோலாலம்பூருக்கு வந்ததும், தனிநாயக அடிகள் அதன் தலைவராயிருந்த காலத்தில், 1966-இல், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இந்நகரில் நிகழ்ந்ததும் சரித்திரம். அத்துறையின் பெயரைத்தான் குழந்தை ரப்பரால் தேய்த்திருந்தாள், அதுவும் அரைகுறையாக.

நன்னூல் மாணாக்கரைத் தரம் பிரிப்பதை எப்போதோ படித்தேன்: தலைமாணாக்கர் அன்னமும் பசுவும், கடைமாணாக்கர் ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி, இடையில் மண்ணும் கிளியும் என்று நினைவு. இப்போதோ தேர்வுக்குத் தொண்ணூறு, புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து எனக் கூட்டிய ஒரு விழுக்காட்டில் மாணவர் அடங்கிவிடுகின்றனர். நன்னூலை இயற்றிய பவனந்தியாரும் ஈவிரக்கம் காட்டியவரல்லர். எனினும் இரண்டும் அளப்பது தகுதியை, விருப்பத்தை அன்று.

எளிதிற் கிடைப்பதாலேயே அது அவள் கண்ணில் மதிப்பிழந்ததா? உத்தியோகத்தையும் குடும்பத்தையும் எண்ணிய விவேகமா? அல்லது, விரும்பியதே கைகூடிவிட்டால் பின்னர் எதன்மீதும் பழி சுமத்த இயலாதே என்ற கலக்கமா? தமிழில் பற்றுடைய கிழவன் வருகிறானென்று என்னை மகிழ்விப்பதற்காகவே முதலில் எழுதினாளோ என்றுகூட ஐயம் எழுகிறது. அப்படியானால் நான் விருப்பம் என்று கருதுவது வெறும் உபசாரமே. அவளைக் கேட்டாலும் தெளிவான விடை வருமென்று தோன்றவில்லை. மறுபடி எழுது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அழித்தது சரியே என்று சொல்ல மனமும் வரவில்லை. விண்ணப்பம் முடிய இன்னும் சில நாட்கள் இருக்கின்றன.