மடை திறந்தவன் பெயர்

வீராம்பட்டினத்தை வெளியூர்க்காரர்கள் இரண்டு வகையில் அறிவார்கள். ஒன்று, ஆடி மாதத்துச் செங்கழுநீர் அம்மன் தேர். இன்னொன்று, ஊரை ஒட்டிக் கிடக்கும் அரிக்கமேடு. 1945இல் அங்கே தோண்டிய வீலரின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கூடை கூடையா மண்ணைச் சுமந்தவங்க பேரு எங்கயும் இல்ல. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அது ஒரு ஒலிபெருக்கி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். கட்டுமரத்தைத் தள்ளலாமா வேண்டாமா என்று பார்ப்பவனுக்கு அது ஒரு துணை. இதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அடித்தட்டு மக்களுக்குக் கணிப்பொறி வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது?

எவரும் நடுக்கடலில் நின்று நாளைய அலையை அளக்க முடியாது. காற்றின் வேகத்தையும் திசையையும் உள்ளே கொடுத்தால் அலையின் உயரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் பேர்பெற்றது வேவ்வாட்ச் 3. ஹென்ட்ரிக் டோல்மன் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் தொடங்கியது. அமெரிக்க வானிலைத் துறையில் வளர்ந்தது. ஃபோர்ட்ரான் என்னும் பழைய கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் அதைப் பயன்படுத்துகிறது. இன்றைக்குக் கோரமண்டல் கரைக்கு வரும் அலை எச்சரிக்கைகளின் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகள்தான் ஓடுகின்றன.

மென்பொருள் இரும்பைப்போலத் துருப்பிடிக்காது. ஆனாலும் கெட்டுப்போகும். ஓடும் எந்திரம் மாறுகிறது, செயற்கைக்கோள் அனுப்பும் தகவலின் வடிவம் மாறுகிறது, எழுதியவர் வேறு வேலைக்குப் போகிறார். ஒரு வரியைத் திருத்தினால் எங்கோ வேறொரு வரி பிசகுகிறது. நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். நிற்காமல் தப்பான உயரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தால்? அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பழைய கணக்குகளைத் திரும்ப ஓட்டி, விடை மாறாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது மாதிரி. சலிப்பான வேலை. வேவ்வாட்சுக்கு இந்தச் சோதனைகளும் உண்டு, எப்படித் திருத்த வேண்டும் என்று எழுதிவைத்த கையேடும் உண்டு. 2019இலிருந்து அதன் மூலநிரல் எல்லோரும் திறந்து பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. எல்லா ஆய்வுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. 2009இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்திலிருந்து களவுபோய் வெளியான கோப்புகளில் ஒரு நிரலாளரின் குறிப்பேடும் இருந்தது. முன்னவர் விட்டுச்சென்ற தட்பவெப்பநிலை நிரல்களையும் தரவுகளையும் விளங்கிக்கொள்ள முடியாமல் அவர் வருசக்கணக்காகப் புலம்பிய புலம்பல் அது. எதிரிகள் அதைப் புவி வெப்பமாதலே பொய் என்பதற்குச் சாட்சியாக்கினார்கள். அது எதற்காவது சாட்சி என்றால், துணையில்லாமல் பராமரிப்பில் விடப்பட்ட ஓர் ஆளின் தனிமைக்குத்தான்.

"சேரிக்குக் குடிதண்ணிக் கொழாயே ஒழுங்கா இல்ல, மென்பொருளுக்குக் கட்டுரையா?" என்று தோழர்கள் கேட்கலாம். வீராம்பட்டினத்து மீனவர்களும் தலித்துகள் அல்லவே என்றும் கேட்கலாம். அல்லர்தான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கரையில் நிவாரண வரிசையிலிருந்து தலித்துகள் ஒதுக்கப்பட்டதை நாம் மறக்கவும் இல்லை. ஆனால் கேள்வி வேறு: ஆக்கியவனுக்கு மட்டும் பெயரும், காத்தவனுக்கு இழிவும் தரும் புத்தி எங்கிருந்து வந்தது?

ஏரியை வெட்டிய அரசனுக்குக் கல்வெட்டு உண்டு. மதகு கட்டக் காசு கொடுத்தவனுக்கும் உண்டு. நடுராத்திரி மழையில் ஓடிப்போய் மடையைத் திறந்த நீர்க்கட்டிக்கு எது இருக்கிறது? தமிழகத்தின் பல ஊர்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் நம் பாட்டன்கள். அவன் ஒருநாள் போகாவிட்டால் கரை உடையும். அவனுக்குக் கிடைத்தது களத்துமேட்டில் அளந்துபோட்ட கொஞ்சம் நெல். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேலும் கீழுமாகப் பிரித்தது என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டார். அதில் அடிப்படியில் வைக்கப்பட்டது எப்போதும் துடைப்பது, தூர்வாருவது, அடைப்பெடுப்பது. 2024 சூனில் இதே புதுச்சேரியில், ரெட்டியார்பாளையம் புதுநகரில், கழிவுநீர்க் குழாயின் நச்சுக்காற்று வீட்டுக் கழிப்பறை வழியாக ஏறி ஒரு சிறுமி உட்பட மூன்று பெண்கள் இறந்தார்கள். குழாய் பதிக்கும் திட்டத்துக்குத் திறப்புவிழா நடத்துகிறார்கள். பதித்த குழாயைப் பேணுவதற்கு எவனாவது விழா எடுத்திருக்கிறானா?

ஆய்வுக்கூடத்திலும் இதே நியாயந்தான். புதிய கட்டுரை எழுதினால் பதவி உயர்வு. பழைய நிரலைச் செப்பனிட்டால் ஒன்றும் இல்லை. அந்த வேலை ஒப்பந்தக்காரர் தலையில் விழுகிறது. திட்டம் முடிந்ததும் அவர் வெளியே. ஒப்பந்த வேலை என்று பெயர் வைத்தால் இடஒதுக்கீடு எப்படி நழுவும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் 2012இல்தான் தங்களுக்கென்று 'ஆய்வு மென்பொருள் பொறியாளர்' என்று ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். பெயருக்கே அவ்வளவு காலம்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். எழுதியவருக்கு மட்டுமே புரியும் நிரல் என்ன வகை அறிவு? காதோடு காதாக ஒரு குலத்துக்குள்ளேயே சொல்லித்தந்து, வெளியாள் கேட்டால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன மரபை நாம் அறிவோம். எழுத்து அந்தப் பூட்டை உடைக்கக்கூடிய ஒன்று. பேணத்தக்க மென்பொருள் என்பது, எனக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒருத்தி வருவாள், அவளுக்கும் இது விளங்க வேண்டும், என் தவறை அவள் திருத்தலாம் என்று எண்ணி எழுதுவது. மாறிகளுக்கு விளங்கும் பெயர், ஏன் இப்படிச் செய்தேன் என்று பக்கத்திலேயே நாலு வரி. அறிவாளிகள் இதைக் குமாஸ்தா வேலை என்கிறார்கள். வர்றவ நம்மாளா இருந்தா, அந்த நாலு வரிதான் அவளுக்குக் கதவு. சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறைக்கு வேறு வழி ஏது?

நல்லவாட்டை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தியை அங்கிருந்த தகவல் மைய ஒலிபெருக்கியில் சொல்லித்தான் ஊர் சனம் தப்பியது. அன்று காப்பாற்றியது மென்பொருள் அல்ல. ஆனால் ஒலிபெருக்கி வேலை செய்தது. சொன்னதும் சனம் நம்பி ஓடியது. சாதாரண நாட்களில், சாதாரண அலைக்கு, தவறாமல் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த நம்பிக்கை அது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது குமரிக் கரையின் ஆழ்கடல் படகுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கணிப்பும் கம்பியும் ஆளும் தொடர்ந்து பேணப்படாத இடத்தில் மனிதர்கள் நடுக்கடலில் நிற்கிறார்கள்.

ஒருவனை இன்று நம்பச் சொல்லிவிட்டால் நாளைக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நிதி மூன்று வருசத்துக்குத்தான் என்பது அலைக்குத் தெரியாது. ஆகவே ஆய்வுத் திட்டம் எழுதுகிறவர்களிடமும் அதற்குப் பணம் ஒதுக்குகிறவர்களிடமும் கேட்க வேண்டும்: நான்காவது வருசம் இதைத் திறந்து பார்க்கப்போவது யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில், கட்டுரையில் அவர் பெயர் எந்த இடத்தில்? ஒப்பந்தத்தில் சேரும் நம் மாணவர்கள் முதல் நாளே பழைய நிரலுக்கு விளக்கம் கேட்டு எழுத்தில் வாங்கட்டும். கொடுக்க மாட்டேன் என்றால், அதையும் நிரலின் முதல் வரியிலேயே தேதி போட்டு எழுதிவைக்கட்டும்.