நோவும் நுகர்வினையும்

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையிற் குடலிறக்கத்திற்கு அறுவை செய்துகொண்ட முதிய பூட்டுத் தொழிலாளர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேம். நோவு பத்தில் எத்துணை எனச் செவிலியார் வினவ, நெற்றி வியர்த்திருந்தும் அவர், "ஒன்றுமில்லை, அம்மா" என்றார். அவ்வம்மையார் அகன்றபின், "பிராரத்தத்தை நுகர்ந்தன்றோ கழித்தல்வேண்டும்? மருந்தால் மறைத்தல் தகுமோ?" என்று எம்மைக் கேட்டார். இவ்வையம் சைவ நன்மக்கள் பலர்க்கும் உண்டாதலின் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பிராரத்தம் நுகர்ந்தே கழியுமென்பது சித்தாந்தத் துணிபே. ஆயின் அதன் அளவை வரையறுப்பவன் இறைவன், நாமல்லேம். நோவு வினைவழி வந்ததாயின், அதனைத் தணிக்கும் மருந்தும் அவ்வழியே வந்ததெனக் கொள்ளாதது என்னை? இறைவன் இன்பதுன்பங்களை ஊட்டி வினையறுத்தற்கு அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் மருத்துவனையே உவமை கூறினார். அம்மருத்துவன் அன்போடு சில நோயை அறுத்துக் கீறித் தீர்க்கின்றான். சிலவற்றை மருந்தூட்டித் தீர்க்கின்றான். ஆண்டு நோய் தீர்ப்பது அறுத்தலேயன்றி, அறுக்குங்கால் எழும் அலறல் அன்று.

அவ்விரண்டும் பிரியாதிருந்தமையாற் போலும் நாம் ஒன்றாக மயங்கினோம். 1846 அக்டோபரில் மார்ட்டன் என்பார் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியால் நோயாளியை உணர்விழக்கச் செய்து, அறுவையினின்றும் நோவைப் பிரித்துக் காட்டினார். மறு ஆண்டில் எடின்பரோவில் சிம்ப்சன் பேறுகால நோவிற்குக் குளோரோபாரம் வழங்கி, சமயத்தின் பேரால் எழுந்த தடைகளுக்கு விடையாக ஒரு நூலே எழுதவேண்டியதாயிற்று. நம் பெரியவரது ஐயம் புதிதன்று.

நோவைப் பொறுத்தல் உடற்கு உரமென்பதும் பொருந்தாது. வயிறு அறுக்கப்பெற்றவர் நோவஞ்சி ஆழ மூச்சு வாங்கார், இருமார், சளி தங்கி நுரையீரல் அழற்சி நேரும். நடவாது கிடத்தலாற் கால் நாளங்களிற் குருதி உறைந்து, அக்கட்டி நுரையீரலை அடைந்து உயிர்க்கு இறுதி செய்தலும் உண்டு. இதுபற்றியே டென்மார்க்கு மருத்துவர் கெலெட் 1990களில், நோவைப் பல மருந்துகளாற் கூட்டித் தணித்து, விரைவில் உண்ணவும் நடக்கவும் செய்யும் முறையை வகுத்தார். மார்பைன் அளவு மிகின் மூச்சையே அடக்கும். ஆதலின் நோயாளி நோவை உள்ளவாறு கூறினாலன்றி அளவறிந்து ஈதல் அரிது.

அன்றியும், தம்பியார்க்குச் சூலை தந்தவன் இறைவனே என்பதைத் திலகவதியார் அறிவார். அறிந்தும், "பொறுத்துக்கொள்க" என்றிலர். திருநீறளித்துத் திருவதிகைக் கோயிலுள் அழைத்துச் சென்றார். அரசரும் நோவை நீக்கியருளுமாறே வேண்டினார். தன் நோவை வினையென்று தனக்கே கூறிக்கொள்வது ஒருவர்க்குத் தேறுதலாகலாம்; அருகிருப்பார் அதனைக் கூறித் தம் கடனிற் கைவிடுவரேல், அது அவர்க்கே ஆகாமியமாய் ஏறும்.

இவற்றைக் கேட்ட பெரியவர் நெடுநேரம் வாளா இருந்தார். மாலையிற் செவிலியார் மீண்டும் வந்து வினவியபோது, "ஏழு இருக்கும், அம்மா" என்றார்.